ஒரே சர்வரைப் பிரிப்பதா, முறை வைப்பதா?

கேள்வி: கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பொறுப்பைப் பார்க்கிறேன். பிரிவு என்று பெயர், ஆள் நான் ஒருத்திதான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர்: இரண்டு பிராசசர், மொத்தம் 16 கோர், 64 ஜிபி மெமரி, ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும் அமைப்பு) நான்கு சாட்டா ஹார்டு டிஸ்க், உபுண்டு லினக்ஸ். எடைமேடை மென்பொருளும் கணக்கு மென்பொருளும் போஸ்ட்கிரெஸ் என்ற ஒரே டேட்டாபேஸ் மென்பொருளில் இரண்டு டேட்டாபேஸாக ஓடுகின்றன. எடைச்சீட்டுகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்குக்கு நகலாகும். குளிர் அறை வெப்பநிலைப் பதிவும் அதே போஸ்ட்கிரெஸில், வினாடிக்கு ஒரு தரம். லேப் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அதையும் சர்வருக்குள் கொண்டுவரச் சொல்கிறார் முதலாளி. போன ஜூனில் ராத்திரி பெங்களூரா மாங்காய் லோடு வரிசையில் நிற்கும்போது, அக்கவுண்ட்ஸில் விவசாயி வாரியாக நிலுவை அறிக்கை எடுத்தால் எடைச்சீட்டு வர இரண்டு மூன்று நிமிடம் ஆனது. மேடையில் சண்டையே வந்துவிட்டது. ஒரு விற்பனையாளர், சர்வரை நான்கு வி.எம்.ஆக, அதாவது மென்பொருளால் உண்டாக்கும் நான்கு தனிக் கணினிகளாக, பிரித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், பிரிக்க வேண்டாம், லினக்ஸிலேயே ஒவ்வொரு வேலைக்கும் அளவு வைக்கலாம் என்கிறார். சீசனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எதைச் செய்வது?

பதில்: சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எடைமேடையையும் கணக்கையும் வி.எம். போட்டுப் பிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே லினக்ஸில் இருக்கட்டும். யாருக்கு முன்னுரிமை என்று முறை வையுங்கள். லேப் மென்பொருளுக்குத் தனி வி.எம். பொருத்தம்தான், அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். ஆனால் இந்த இரண்டில் எதைத் தொடும் முன்பும் உங்கள் டிஸ்க்கையும் போஸ்ட்கிரெஸின் சில அமைப்புகளையும் பார்த்துவிடுங்கள். கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நோய் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு விற்பனையாளர்களும் சொல்வதை வயல் பேச்சிலேயே பார்க்கலாம். சர்வரைப் பிரிப்பது பாத்தி கட்டுவது. நடுவே வரப்பு நின்றுவிடும். இந்தப் பாத்தியில் பூச்சி விழுந்தால் அடுத்ததற்குச் சுலபமாகப் பரவாது. ஆனால் அங்கே தண்ணீர் தேங்கி நின்றாலும் இங்கே காய்கிற பயிருக்கு ஒரு சொட்டு வராது. வளங்களை நிர்வகிப்பது கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது. வாய்க்கால் ஒன்றுதான், யார் முன்னால், யாருக்கு எவ்வளவு என்பதுதான் ஏற்பாடு. ஒருவருக்கு இன்று தேவையில்லை என்றால் அடுத்தவர் முழுதாகவே எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம் வாய்க்கால் உடைந்தால் எல்லோருக்கும் போச்சு.

பிரிப்புக்கு இவ்வளவு நல்ல பெயர் வந்தது பெரிய இயந்திரங்களால். 1988-இல் ஐபிஎம் தன் மெயின்பிரேமில் பிஆர்எஸ்எம் என்ற வசதியைக் கொண்டுவந்து ஒரே இயந்திரத்தைப் பல பகுதிகளாக ஓட்ட வைத்தது. 1997-இல் வந்த சன் எண்டர்பிரைஸ் 10000 சர்வரில் போர்டு போர்டாகப் பிரித்துத் தனித்தனி டொமைன் அமைக்கலாம். 2000-இல் வந்த எச்பி சூப்பர்டோமிலும் அந்த ஏற்பாடு உண்டு. சன், எச்பி இரண்டிலும் ஒரு பகுதியின் போர்டு கெட்டால் பக்கத்துப் பகுதி தன் பாட்டுக்கு ஓடும், வரப்பே இரும்பு. உங்கள் விற்பனையாளர் சொல்லும் வி.எம். வேறு வகை. லினக்ஸில் வி.எம். ஓட்டும் கேவிஎம் என்ற வசதி 2007-இல் கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், சேர்ந்தது. அது போடுவது மென்பொருள் வரப்பு. நான்கு வி.எம். போட்டாலும் மதர்போர்டு ஒன்று, ரெய்டு கார்டு ஒன்று, டிஸ்க் அதே நான்கு. இதை அவர் உங்களிடம் சொன்னாரா என்று கேளுங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையில் நான்கு வேலைகளுக்கு நான்கு வி.எம். போட்டுக் கொடுத்தேன். சண்டை வேண்டாம் என்று கோரையும் மெமரியையும் சரி நாலாகப் பங்கு வைத்தேன். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடிய வி.எம். தன் நான்கு கோரில் மூச்சு முட்டி நின்றது. மற்ற மூன்றும் சும்மா இருந்தன. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராத்திரி பேக்கப் ஓடும்போது நான்குமே ஒன்றாகத் திணறின. கோருக்கும் மெமரிக்கும் வரப்பு போட்ட நான், டிஸ்க்குக்குப் போடவே இல்லை. நைட் ஷிப்ட் ஆட்கள் அட்டை பதிய முடியாமல் வாசலில் நின்றார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு யார் என்னிடம் பிரிக்கலாமா என்று கேட்டாலும், எதைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, உங்கள் சர்வருக்கு வருவோம். அறிக்கை ஓடும்போது எடைச்சீட்டு எதற்காகக் காத்திருக்கிறது? நான்கு இடங்கள் சாத்தியம்: கோர், மெமரி, டிஸ்க், டேட்டாபேஸுக்குள் பூட்டு (ஒருவர் வேலையை முடிக்கும்வரை இன்னொருவரை நிறுத்தி வைப்பது).

கோராக இருக்க வாய்ப்பு குறைவு. போஸ்ட்கிரெஸில் ஒரு வினவல் சாதாரணமாக ஒரே பிராசஸில் ஓடும். 9.6 பதிப்பிலிருந்து இணையாக ஓடும் வசதி வந்தது என்றாலும், நீங்கள் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் வினவலின் ஒரு படிக்குத் துணை பிராசஸ் இரண்டுக்கு மேல் சேராது. ஆக ஒரு அறிக்கை பிடிப்பது மூன்று கோர் அளவு. இரண்டு பேர் சேர்ந்தே எடுத்தாலும் ஆறு. மீதி பத்து கோர் சும்மா இருக்கும்போது, கோரைப் பங்கு பிரித்து என்ன ஆகப் போகிறது?

பூட்டாகவும் இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் பார்த்துவிட வேண்டும். போஸ்ட்கிரெஸில் படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார். உங்கள் கணக்கு மென்பொருள் அறிக்கைக்கு முன் எதையாவது வெளிப்படையாகப் பூட்டினால்தான் சிக்கல், அதுவும் எடைமேடை டேட்டாபேஸில் போய்ப் பூட்டினால்தான். சீட்டு நிற்கும் நேரத்தில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற பார்வையைத் திறந்து, காத்திருக்கும் காரணம் என்ற பத்தியில் ‘லாக்’ வகை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வி.எம்.மும் உதவாது, முறை வைப்பதும் உதவாது. மென்பொருள் எழுதியவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நான் சந்தேகப்படுவது டிஸ்க்கை. ஒரு எடைச்சீட்டு என்பது சில நூறு பைட்டுதான். ஆனால் அது பத்திரமாகப் பதிந்தது என்று சொல்வதற்கு முன் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் ‘வால்’ (WAL) என்ற பதிவேட்டை டிஸ்க்கில் உறுதியாக எழுதி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அறிக்கை மொத்த சீசனின் சீட்டுகளையும் டிஸ்க்கிலிருந்து வாரிக்கொண்டிருக்கிறது. 7200 சுழற்சி ஹார்டு டிஸ்க்கில், தேவையான இடம் முள்ளுக்குக் கீழே வர மட்டும் சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். முள் நகரும் நேரம் தனி. அப்படியானால் இங்கொன்றும் அங்கொன்றுமான வேலைகளை ஒரு டிஸ்க் வினாடிக்கு நூறுக்குள்தான் முடிக்கும். ரெய்டு 5-இல் இன்னொரு பாரமும் உண்டு: ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவையும் பாரிட்டியையும் (டிஸ்க் கெட்டால் தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, புதிய தரவையும் பாரிட்டியையும் எழுத வேண்டும், ஒன்று நான்காகிறது. இதற்கு நடுவில் வெப்பநிலைப் பதிவு வினாடிக்கு ஒரு தரம் வந்து டிஸ்க்கைத் தட்டுகிறது. சீட்டு வரிசையில் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

ஊகத்தை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம், அளந்து பாருங்கள். சீசன் இல்லாததால் நிஜ நெரிசல் கிடைக்காது, நாமே உண்டாக்கலாம். போன ஜூன் கடைசியின் பேக்கப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சர்வரில் வேறு பெயரில் மீட்டெடுங்கள். பேக்கப் உண்மையிலேயே மீள்கிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். அந்த டேட்டாபேஸில் போலிச் சீட்டுகளைத் தொடர்ந்து பதியும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் அந்த நிலுவை அறிக்கையை எடுங்கள். லினக்ஸ் 4.20 கெர்னலிலிருந்து, கோர், மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் வேலைகள் எவ்வளவு நேரம் காத்து நின்றன என்ற சதவீதக் கணக்கு ப்ராக் அடைவுக்குள் பிரெஷர் என்ற பெயரில் இருக்கிறது. டிஸ்க்குக்கான ஐஓ என்ற கோப்பின் எண் ஏறி, கோருக்கான சிபியு என்ற கோப்பின் எண் கீழேயே இருந்தால் நான் சொன்னது சரி. டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையையும் பக்கத்தில் ஓடவிட்டு, டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கு எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் எந்த விற்பனையாளரிடமும் நீங்கள் நிமிர்ந்து பேசலாம்.

அடுத்து காசு செலவில்லாத வேலைகள். போஸ்ட்கிரெஸ் தரவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு பஃபர்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். நிறுவியபடியே விட்டிருந்தால் 128 எம்பிதான் இருக்கும். டேட்டாபேஸுக்கென்றே இருக்கும் சர்வரில் மெமரியில் கால் பங்கு என்பது பொதுவான தொடக்க அளவு. உங்களுக்கு இரண்டு மூன்று வேலை என்பதால் மொத்தம் 12 ஜிபியில் ஆரம்பியுங்கள். ஒர்க் மெம் நிறுவும்போது 4 எம்பி. அறிக்கை வரிசைப்படுத்தும் தரவு அதைத் தாண்டினால் தற்காலிகக் கோப்பாக டிஸ்க்கில் கொட்டும், அதாவது ஏற்கெனவே திணறுகிற இடத்திலேயே. கணக்குப் பயனருக்கு மட்டும் 128 எம்பி கொடுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அது வரிசைப்படுத்தும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக எடுக்கப்படும் அளவு. நிலுவை அறிக்கை விவசாயி எண்ணையும் தேதியையும் வைத்துத் தேடுகிறது என்றால் அந்த இரண்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருபது நிமிட அறிக்கை ஒரு இன்டெக்ஸால் வினாடிகளில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிரிக்கவும் வேண்டியிருக்கவில்லை, முறை வைக்கவும் வேண்டியிருக்கவில்லை.

வெப்பநிலைப் பதிவுக்கு ஒரு சலுகை கொடுக்கலாம். அந்தப் பயனருக்கு மட்டும் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவும் டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. சர்வர் திடீரென்று நின்றால் கடைசி ஒரு வினாடிக்கும் குறைவான பதிவு போகலாம், டேட்டாபேஸ் கெடாது. எடைச்சீட்டுக்கு இந்தச் சலுகை கூடவே கூடாது. சீட்டு என்பது விவசாயியின் பணம். எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க் என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது. வேகம் வரும், அதையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரண்ட் போகும் ராத்திரியில் மொத்த டேட்டாபேஸும் மீளாமல் போகலாம்.

காசு செலவாகும் ஒரு வேலையும் இருக்கிறது, அதை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்றுக்கொன்று கண்ணாடி நகலாகப் போடுங்கள். எடைமேடை டேட்டாபேஸ் முழுவதையும் அதற்கு மாற்றுங்கள். பழைய நான்கு டிஸ்க்கும் கணக்குக்கும் பேக்கப்புக்கும் இருக்கட்டும். எடைமேடைக்கும் கணக்குக்கும் நடுவே உங்களுக்கு உண்மையில் தேவைப்படுகிற வரப்பு இதுதான். அது டிஸ்க்கில் விழுகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு முறை வைக்கலாம். முறை வைப்பதும் மெயின்பிரேமிலிருந்து வந்த வித்தைதான். 1994-இல் ஐபிஎம் மெயின்பிரேமின் இயங்குதளமான எம்விஎஸ்ஸில் வந்த ஒர்க்லோடு மேனேஜர், இந்த வேலைக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டு நிற்கவில்லை. இந்த வகை வேலையில் இத்தனை பங்கு இத்தனை வினாடிக்குள் முடிய வேண்டும் என்ற இலக்கைக் கேட்டது. இதன் முக்கியத்துவம் 1 முதல் 5 வரை எது என்று கேட்டது. பங்கீட்டை அதுவே செய்தது. லினக்ஸில் நமக்கு இருப்பது சிகுரூப், அதாவது வேலைகளைக் குழுவாக்கி வளங்களைப் பங்கிடும் ஏற்பாடு. கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கி, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்த வசதி. அது இலக்கைக் கேட்காது, எடையை, அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்ற எண்ணை, மட்டும்தான் கேட்கும். இலக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். என் யோசனை: யார் எந்த அறிக்கை எடுத்தாலும் எடைச்சீட்டு ஐந்து வினாடிக்குள் வர வேண்டும். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முதலாளியையும் அக்கவுண்ட்ஸ் பெரியவரையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை பத்து நிமிடம் தாமதமானால் ஒரு டீ குடிக்கலாம். ஜூன் மாதத்தில் லாரியில் குவிந்து கிடக்கிற காய் ஒவ்வொரு மணிக்கும் ஈரம் விட்டு எடை குறைகிறது; அந்த நஷ்டம் வரிசையில் நிற்கிற விவசாயிக்கு. முன்னுரிமை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நிர்வாகம்.

முறை வைக்க ஒரு முன்வேலை இருக்கிறது, பலர் இதில்தான் தவறுகிறார்கள். இப்போது உங்கள் இரண்டு டேட்டாபேஸும் ஒரே போஸ்ட்கிரெஸுக்குள் இருக்கின்றன. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் கண்ணுக்கு அது ஒரே சேவை. எந்தப் பிராசஸ் எடைமேடைக்கு, எது கணக்குக்கு என்று அதற்குத் தெரியாது. பங்குக்கான அந்த எடையை வைக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு போஸ்ட்கிரெஸாக ஆக்க வேண்டும். உபுண்டுவில் பிஜி கிரியேட் கிளஸ்டர் என்ற கட்டளை, வேறு போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) இரண்டாவதை உருவாக்கித் தனிச் சேவையாகவே பதிந்துவிடும். உங்கள் சீட்டுகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நகலாவதால், அந்த நகல் ஸ்கிரிப்ட்டில் போர்ட் எண்ணை மாற்றினால் போதும். நான்கு வி.எம். போட்டால் வேகம் வந்தது என்று சொல்கிறவர்களில் பலருக்கு வேகம் வந்ததே டேட்டாபேஸ் இரண்டானதால்தான் என்பது என் அனுபவம். அதற்கு வி.எம். தேவையில்லை.

பிறகு சிஸ்டம்டியில் எடைமேடைச் சேவைக்கு சிபியு வெயிட் 800, கணக்குக்கு 100 என்று வையுங்கள். எதுவும் வைக்காவிட்டால் எல்லோருக்கும் 100. இரண்டும் கோருக்கு மோதும்போதுதான் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. எடைமேடை சும்மா இருக்கும் பத்து மாதமும் கணக்கு முழு சர்வரையும் பயன்படுத்திக்கொள்ளும். சிபியு கோட்டா என்று இன்னொன்று உண்டு. அது மேல் வரம்பு. சர்வர் காலியாக இருந்தாலும் வரம்பைத் தாண்ட விடாது. உங்களுக்கு அது வேண்டாம்.

மெமரியில் நிதானம் வேண்டும். எடைமேடைச் சேவைக்கு மெமரி லோ என்பதில் 8 ஜிபி வைத்தால், நெருக்கடியிலும் கெர்னல் அந்த அளவைப் பிடுங்காமல் பாதுகாக்கும். கணக்குக்கு மெமரி ஹை 36 ஜிபி வையுங்கள். தாண்டினால் வேகம் குறையும், சேவை சாகாது. மெமரி மேக்ஸ் என்பதை டேட்டாபேஸுக்கு இறுக்கி வைக்காதீர்கள். அந்த வரம்பில் மோதினால் கெர்னல் ஒரு பிராசஸைக் கொல்லும். போஸ்ட்கிரெஸில் ஒரு பிராசஸ் அப்படிச் செத்தால் எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்பு வேலையைத் தொடங்கிவிடும். மேடையில் லாரி நிற்கும்போது அது நடக்கக் கூடாது.

டிஸ்க்குக்கும் ஐஓ வெயிட் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பொறி. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் பிஎஃப்கியூ ஆக இருந்தால், அல்லது கெர்னலின் ஐஓ காஸ்ட் வசதியை இயக்கியிருந்தால்தான் அந்த எடை வேலை செய்யும். சாட்டா டிஸ்க்குகளில் வழக்கமாக எம்கியூ டெட்லைன் இருக்கும். அப்போது நீங்கள் எழுதிய எடை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சும்மா கிடக்கும். எடை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் ஜூன் வரும். பழைய டிஸ்க்குகளுக்கு பிஎஃப்கியூ மாற்றிவிட்டு, ராத்திரி பேக்கப்புக்கு மிகக் குறைந்த ஐஓ வெயிட் வையுங்கள். அதோடு பேக்கப் நேரத்தையே சீசனில் மாற்றுங்கள். லோடு ராத்திரியில் குவிகிறது என்கிறீர்கள். அந்த இரண்டு மாதம் பேக்கப் காலை பத்து மணிக்கு ஓடட்டுமே.

லேப் மென்பொருளுக்கு வருகிறேன். இதற்கு வரப்பு வேண்டும். வேறு இயங்குதளம், அதுவும் இனிப் பாதுகாப்பு அப்டேட் வராத பழையது. அதில் வைரஸ் நுழைந்தால் பக்கத்தில் பரவக் கூடாது. அதை ரீஸ்டார்ட் செய்ய எடைமேடையை நிறுத்தக் கூடாது. இந்த மூன்று காரணங்களில் ஒன்று இருந்தாலே பிரிப்பதுதான் சரி. கேவிஎம்மில் இரண்டு கோர், 4 ஜிபி கொடுத்து, இணையத் தொடர்பு இல்லாமல், ஆலையின் மற்ற கணினிகளையும் தொடாதபடி தனி நெட்வொர்க்கில் அடையுங்கள். அந்த வி.எம்.மும் லினக்ஸின் பார்வையில் ஒரு பிராசஸ்தான், ஆகவே அதற்கும் எடை வைக்கலாம். பாத்தியும் முறைக்குள் வந்துவிடும்.

நான் சொன்ன நிபந்தனை இதுதான்: பிரிக்ஸ் (இனிப்பு அளவு) மீட்டரோ பிஎச் (புளிப்பு அளவு) மீட்டரோ அந்த டெஸ்க்டாப்பில் சீரியல் கேபிளால் இணைந்திருக்கிறதா? இருந்தால் வி.எம்.முக்கு மாற்றுவது வீண் தலைவலி; மீட்டர் லேபில், சர்வர் ஆபீசில். கேபிளை எங்கே இழுப்பீர்கள்? டெஸ்க்டாப் அங்கேயே இருக்கட்டும், ஹார்டு டிஸ்க்கை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டெஸ்க்டாப்போடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு கட்டுண்டது, வி.எம்.முக்குப் போகாது. புதிய லைசென்ஸ் செலவையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிரிப்பதை நான் பொதுவாகக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வேறு கம்பெனிகள் ஒரு சர்வரைப் பகிர்ந்தால், இரண்டு பேர் கையில் ரூட் பாஸ்வேர்டு இருந்தால், ஒரு மென்பொருள் பழைய கெர்னலையே பிடித்துக்கொண்டிருந்தால் நானே வி.எம். போடுவேன். கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கும் டேட்டாபேஸ்களில் பிரிப்பு பணத்தையும் மிச்சப்படுத்தலாம். ஆனால் எல்லாப் பிரிப்பும் அதற்குச் செல்லாது. ஆரக்கிள் தன் கொள்கையில் ஐபிஎம்மின் வரம்பிட்ட எல்பார் (ஐபிஎம் இயந்திரத்தின் தனிப் பகுதி) போன்றவற்றை ஏற்கிறது, விஎம்வேர் பிரிப்பை ஏற்பதில்லை. உங்கள் போஸ்ட்கிரெஸுக்கு இந்தக் கவலை கிடையாது. நான்கு வி.எம். என்றால் நான்கு இயங்குதளம், நான்கு அப்டேட், நான்கு பேக்கப். நீங்கள் ஒருத்தி. இதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். மெமரியும் அப்படியே: ஒவ்வொரு வி.எம்.மும் தனக்குக் கிடைத்ததை டிஸ்க் கேஷாக நிரப்பிக்கொள்ளும், தானாகத் திருப்பித் தராது.

முதலாளி அந்த நான்கு வி.எம். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கத் தயாராக இருக்கிறார் என்றால், அந்தப் பணத்தில் இரண்டாவதாக ஒரு சின்ன சர்வர் கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே ஹாட் ஸ்டாண்ட்பை இருக்கிறது. முதல் சர்வரில் எழுதுவது எல்லாம் இரண்டாவதற்கு உடனுக்குடன் போய்ச் சேரும், அதிலிருந்து படிக்கலாம். அறிக்கை எல்லாம் அங்கே ஓடட்டும், எடைமேடைப் பக்கமே வராது. நீண்ட அறிக்கை ஸ்டாண்ட்பையில் பாதியில் ரத்தாகலாம், ஏனென்றால் இயல்பாக 30 வினாடிதான் பொறுக்கும்; மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே என்ற அமைப்பைக் கூட்டிவிட்டால் சரியாகும். முதல் சர்வரின் மதர்போர்டு ஒரு ஜூன் ராத்திரி போனால், இரண்டாவதை முதலாக்கிச் சீட்டுப் போடலாம். ஒரே பெட்டிக்குள் எத்தனை பாத்தி கட்டினாலும், எவ்வளவு ஒழுங்காக முறை வைத்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இரண்டு மாதம் போதும். முதல் வாரம் அளவு எடுங்கள். இரண்டாம் வாரம் பஃபர், இன்டெக்ஸ், சிங்க்ரனஸ் கமிட். எஸ்எஸ்டி வந்ததும் டேட்டாபேஸை இரண்டாக்கி எடை வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைத் திரும்ப ஓட்டி, சீட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. கடைசிச் சோதனைக்கு நீங்கள் கணினி முன்னால் உட்கார வேண்டாம், அம்மா. அக்கவுண்ட்ஸில் மூன்று பேரை ஒரே நேரத்தில் நிலுவை அறிக்கை எடுக்கச் சொல்லிவிட்டு, எடைமேடையில் ராத்திரி சீட்டுப் போடுகிறவரையே கூப்பிட்டு, வெறும் லாரி ஒன்றை மேடையில் ஏற்றி, சீட்டு எத்தனை வினாடியில் வருகிறது என்று அவர் கைக்கடிகாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள்.